விற்றுப் போகணுமா, விலை கிடைக்கணுமா?

வாசலில் மேசை போட்டு வீட்டுச் சாமான்களை விற்கப் போகிறவர்கள், பாதி விற்றுவிட்டு மீதியோடு திண்டாடுகிறவர்கள், விற்கவே கூடாது என்று வீட்டுக்குள் மல்லுக்கு நிற்பவர்கள் என்று இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு முழு இடத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். பெரிய வீட்டை விட்டு இரண்டு அறை உள்ள சின்ன வீட்டுக்கு மாறப் போகிறோம், இருக்கிற சாமானில் பாதிக்குக்கூட அங்கே இடம் இல்லை. கராஜைத் திறந்துவைத்து ஒரே நாளில் விற்றுவிடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். ஆனால் விலைச்சீட்டு ஒட்ட உட்கார்ந்ததும் சண்டை வந்துவிட்டது. தன் கேமராவுக்கும் மரவேலைக் கருவிகளுக்கும் அவர் போட்டிருக்கும் விலையைப் பார்த்தால், கடைக்குப் போய்ப் புதிதாகவே வாங்கிவிடலாம் போல இருக்கிறது. நான் வாய் திறந்தால், "உன் பீங்கான் தட்டுகளுக்கு நீ போட்ட விலையைப் பார்" என்கிறார். எப்படித்தான் விலை போடுவது? யார் சொல்வதைக் கேட்பது?
(ஒரு வாசகி)

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இருவரும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். இந்த விற்பனை எதற்கு? சாமான் போகணுமா, பணம் வரணுமா? இரண்டும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் யாரோ ஒருவர் உங்கள் நாற்காலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிற அந்த நிமிடத்தில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்குத் தேவை இடம். அப்படியானால் சாயங்காலம் கராஜ் காலியாக இருந்தாலே விற்பனை நன்றாக நடந்ததாக அர்த்தம், கையில் எவ்வளவு சேர்ந்தது என்பது அதற்கு அடுத்துத்தான். இதில் இருவரும் ஒத்துப்போய்விட்டால் மீதிச் சண்டை முக்கால்வாசி தானாகத் தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் போட்ட விலை பேராசையில் போட்டது இல்லை, அதை அவரிடமும் சொல்லுங்கள். தன்னிடம் இருக்கிற பொருளுக்கு மனிதர்கள் எல்லோருமே கூடுதல் மதிப்புப் போடுகிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1990-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காபிக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் கேட்ட விலை, வாங்குகிறவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்கே இப்படி என்றால், பாதி வாழ்நாள் கூடவே இருந்த உளிப்பெட்டிக்கு அவர் எவ்வளவு போடுவார் என்று யோசித்துப் பாருங்கள். (கானமனுக்கு 2002-லும் தேலருக்கு 2017-லும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது, ஆக இது ஏதோ விளையாட்டுச் சோதனை என்று நினைத்துவிட வேண்டாம்.)

அதனால் நான் சொல்லும் வழி இது. விலைச்சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தட்டுகளுக்கு அவர் விலை போடட்டும், அவருடைய கருவிகளுக்கு நீங்கள் போடுங்கள். அந்தப் பொருளோடு ஒட்டுதல் இல்லாதவர் கண்ணுக்குத்தான் அது வாங்க வருகிறவர் பார்க்கிற மாதிரித் தெரியும். ஆனால் கடைசி வார்த்தை பொருளுக்குச் சொந்தக்காரருடையது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீங்கள் போட்ட விலை அவருக்குப் பொறுக்கவில்லை என்றால், அவர் அதை ஏற்ற வேண்டாம். விற்பனையிலிருந்து எடுத்துப் புது வீட்டுக்குக் கொண்டுவரட்டும். வந்த விலைக்குக் கொடுப்பது அல்லது வைத்துக்கொள்வது, இரண்டில் ஒன்று. யாரும் வாங்க முடியாத விலையைப் போட்டு மேசையில் வைப்பதால் என்ன பயன்? சாயங்காலம் அது அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

பொதுவாக, வீட்டு வாசலில் விற்கிற பழைய சாமான் புதுவிலையில் பத்தில் ஒரு பங்குக்குப் போகும், நல்ல நிலையில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். துணியும் புத்தகமும் அதற்கும் கீழே. கேட்கவே மனசு வலிக்கும், ஆனால் வாங்குகிறவருக்கு உத்தரவாதம் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியாது, எத்தனை நாள் ஓடும் என்றும் தெரியாது. அந்த விலை அதையெல்லாம் சேர்த்துத்தான். ரவுண்டாகப் போடுங்கள், சில்லறைக்கு அலைய வேண்டியிருக்காது. ஒவ்வொன்றிலும் விலை எழுதி ஒட்டுங்கள். விலை தெரியாத பொருளை நிறையப் பேர் கேட்காமலே கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கேட்கக் கூச்சம்.

கேமரா மட்டும் தனிக்கதை. பழைய கேமரா, லென்ஸ், இசைக்கருவி, கடிகாரம் மாதிரியானவற்றுக்குத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு, அவர்கள் உங்கள் வாசலுக்கு அன்றைக்கே வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதை முன்கூட்டியே இணையத்திலோ பழைய கேமரா வாங்கும் கடையிலோ விசாரித்து விற்கச் சொல்லுங்கள். விசாரிக்கும்போது, மற்றவர்கள் விளம்பரத்தில் கேட்கிற விலையை நம்ப வேண்டாம், உண்மையில் விற்றுப் போன விலை என்ன என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கும்.

கருவிகள் நன்றாகவே விற்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. உளிகளைக் குவித்துப் போடாமல் அளவு வாரியாக வரிசையில் வைத்து, துரு இருந்தால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். மின்சாரத்தில் ஓடுகிறவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்க வேண்டும். துளைபோடும் மிஷினோடு ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால், வாங்க வந்தவர் தானே ஒரு துளை போட்டுப் பார்ப்பார், மரத்தூள் அவர் விரலில் ஒட்டும், அதற்குப் பிறகு அவர் பேரம் பேசுகிற விதமே மாறிவிடும். தையல் மிஷினுக்கும் அப்படியே. நூல் கோத்து, பாபின் சுற்றி, ஒரு துணித் துண்டை ஊசிக்குக் கீழே வைத்துத் தயாராக விடுங்கள். ஓடுமா ஓடாதா என்ற சந்தேகம்தான் பழைய மிஷினின் விலையைத் தின்கிறது. ஓடாததை ஓடாது என்றே எழுதி ஒட்டுங்கள், உதிரிபாகத்துக்காக வாங்குகிறவர்கள் வருவார்கள்.

உங்கள் பீங்கான் தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முழு செட்டாக விற்கப் பாருங்கள், ஆனால் மதியம் வரை யாரும் கேட்காவிட்டால் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நான்கு தட்டு மட்டும் தேவைப்படுகிற இளம் ஜோடிகள் நிறைய.

கேள்வி: விற்பனை நாளில் என்னென்ன கவனிக்க வேண்டும்? வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறோம்.
(ஒரு வாசகர்)

பதில்: முதலில் அனுமதி. பல நகரங்களில் வருடத்துக்கு இத்தனை முறைதான் வீட்டு வாசலில் விற்கலாம் என்று வரம்பு இருக்கிறது, சில இடங்களில் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தில் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். தெருமுனையில் அறிவிப்பு வைத்தால் முடிந்த அன்றே கழற்றிவிடுங்கள்.

பணப்பெட்டியை மேசையில் வைக்கவே வைக்காதீர்கள். இடுப்பில் கட்டுகிற பையில் ஒருவர் மட்டும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர் பேரத்தைப் பார்க்கட்டும். வீட்டுக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, பாத்ரூம் போகலாமா" என்று கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனாலும் கூட்டம் இருக்கும்போது இருவரில் ஒருவர் உள்ளே போனால் வெளியே ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். குடிதண்ணீரை வெளியிலேயே வைத்துவிடுங்கள். முடிந்தால் சொந்தக்காரர் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போனில் பணம் அனுப்புகிறேன் என்பவர்கள் இப்போது அதிகம். அவர் காட்டுகிற திரையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் வந்ததை உங்கள் போனில் பார்த்த பிறகு கொடுங்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு உங்கள் ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே கிடையாது. அதைப் போடச் சொல்கிறவர் உங்களிடமிருந்து எடுக்கத்தான் பார்க்கிறார்.

இன்னொன்று, நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே சிலர் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் வாங்கி விற்கிற வியாபாரிகள், எது மதிப்புள்ளது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவசரப்படுத்தினால், நேரம் ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள். விற்பனைக்கு முந்தின நாளே ஒரு வேலை செய்துவிட்டால் இன்னும் நல்லது. பழைய நகைப்பெட்டியிலும் பாத்திரக் குவியலிலும் கிடக்கிற சின்னச் சின்ன உலோகச் சாமான்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 916 என்று முத்திரை இருந்தால் 22 காரட் தங்கம், 750 என்றால் 18 காரட், 925 என்றால் வெள்ளி. இ.பி.என்.எஸ். என்று இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். முத்திரையைப் பார்க்காமல் ஒரு கைப்பிடி என்ன விலை என்று அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. புத்தகங்களையும் ஒருமுறை உதறிப் பாருங்கள், கோட்டுப் பைகளிலும் கைவிட்டுப் பாருங்கள். பணம், சான்றிதழ், கடிதம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். கோபம் வருகிறது. என்ன செய்ய?
(விற்பனை முடித்த ஒருவர்)

பதில்: பேரம் அந்த இடத்தின் இயல்பு, உங்களை அவமானப்படுத்த அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று மனதில் ஒரு தொகையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் அதில் உறுதியாக நில்லுங்கள், மதியத்துக்கு மேல் தளர்த்துங்கள். தனியாகக் குறைப்பதைவிட, "இன்னும் இரண்டு எடுத்தால் சேர்த்துக் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் திருப்தி, உங்களுக்கும் மூன்று பொருள் போய்விடும்.

கேள்வி: எங்கள் குழந்தைகளுக்கு வாங்கிய தொட்டில், கார் இருக்கை, சைக்கிள் ஹெல்மெட், மெத்தை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. விற்கலாமா?
(ஒரு வாசகி)

பதில்: நன்றாக இருப்பதுபோல் தெரிவதற்கும் பத்திரமாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன், ஏனென்றால் வாங்கிக்கொண்டு போகிறவர் தன் குழந்தையை நம்பி அதில் படுக்கவைப்பார்.

பக்கத்துக் கம்பித் தட்டியை மேலும் கீழும் இறக்கி ஏற்றுகிற மாதிரித் தொட்டில் என்றால் விற்காதீர்கள். அந்தத் தட்டி கழன்று, இடுக்கில் குழந்தை மாட்டி மூச்சடைத்த சம்பவங்கள் நடந்ததால்தான் அமெரிக்காவில் 2011-ல் அந்த வகையையே தடை செய்தார்கள். மற்ற தொட்டில்களில், கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தாலும் ஆபத்து. ரொம்பப் பழைய, பெயிண்ட் உரிகிற மரப் பொம்மையோ தொட்டிலோ இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், குழந்தை வாயில் வைக்கும்.

கார் இருக்கையின் அடியிலோ பின்புறமோ தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும், பலவற்றில் காலாவதித் தேதியே இருக்கும். தேதி தாண்டியிருந்தாலோ ஒரு விபத்தைப் பார்த்திருந்தாலோ, வார்களை வெட்டிவிட்டு வெளியே போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி. ஹெல்மெட்டுக்கும் இதேதான். உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்குவதற்காகச் செய்தது, அடிபட்டதும் நசுங்கிவிடும், வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாது.

மெத்தை: தையல் விளிம்பை மெதுவாக விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அது ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே ரொம்ப நாளாக யாரும் படுக்கவில்லை என்பது ஒரு உத்தரவாதம் ஆகாது. சந்தேகம் இருந்தால் இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதரசம் உள்ள பழைய தெர்மாமீட்டரை மேசையில் வைக்காதீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. குப்பையிலும் போடாமல், அபாயகரமான கழிவுகளை வாங்குகிற இடத்தில் கொடுங்கள். மருந்து மாத்திரை எதையுமே விற்பனைக்கு வைக்கக் கூடாது.

கேள்வி: பழைய செல்போன்கள் மூன்று, ஒரு லேப்டாப் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விற்றால் போதும்தானே?
(ஒரு வாசகர்)

பதில்: எப்படி அழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போனை ரீசெட் செய்வதற்கு முன்பு, அதிலிருந்து உங்கள் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ நீக்கிவிடுங்கள். 2013 முதல் ஐபோனிலும், 2015-ல் வந்த 5.1 பதிப்பு முதல் ஆண்ட்ராய்டிலும் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கினவர் போனைத் திறக்கவே முடியாது, மறுநாள் உங்கள் வாசலில் வந்து நிற்பார். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்காதீர்கள். பழைய போன் எண்ணோடு வங்கிக் கணக்கு எதுவும் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேப்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், கோப்புகளை டெலீட் செய்வதோ சட்டென்று ஃபார்மட் செய்வதோ எதையும் உண்மையில் அழிப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகும், தகவல் அப்படியே இருக்கும், சாதாரண மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். டிஸ்க் முழுவதிலும் பழைய தகவலின் மேலேயே வேறு எதையாவது எழுதி அழிக்கிற வசதியைப் பயன்படுத்துங்கள். புரியவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விற்றுவிடுங்கள், விலை கொஞ்சம் குறையும், நிம்மதியாகத் தூங்கலாம். பேட்டரி உப்பியிருக்கும் போனை விற்கவும் வேண்டாம், அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குகிற இடத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: மாமியார் இறந்த பிறகு அவருடைய பொருள்கள் எல்லாம் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. கணவர் ஒன்றைக்கூடத் தொட விடுவதில்லை. நாங்களும் வீடு மாறுகிறோம், நாள் நெருங்குகிறது. அவர் இல்லாத நேரம் பார்த்துக் கொஞ்சத்தை விற்பனையில் வைத்துவிடலாமா என்று இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: வேண்டாம் அம்மா. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அவர் அம்மாவின் கைப்பையை யாரோ ஒருவர் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தால், அந்த வருத்தம் பொருளைப் பற்றியதாக இருக்காது, உங்களைப் பற்றியதாக ஆகிவிடும். இடம் எப்படியும் கிடைக்கும்.

அவர் பிடித்துக்கொண்டிருப்பது பொருளை இல்லை, அதோடு வருகிற நினைவை. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த ஒரு சோதனையை 2017-ல் வெளியிட்டார்கள். சில விடுதிகளில் பழைய பொருள்களைத் தானம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்கள், மற்ற விடுதிகளில் மனதுக்கு நெருக்கமான பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்றார்கள். முதல் வகையில் 533 பொருள் வந்தது, படம் எடுக்கச் சொன்ன இடங்களில் 613. நினைவு கையைவிட்டுப் போகாது என்று தெரிந்தால் கை கொஞ்சம் தளர்கிறது.

ஒரு சாயங்காலம் அவரோடு பீரோவுக்கு முன்னால் உட்காருங்கள், விற்பனைப் பேச்சை எடுக்காமல். ஒவ்வொன்றாக எடுத்து அது என்ன, எப்போது வாங்கியது, அம்மா எதற்குப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் படம் எடுங்கள், அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். அப்புறம், வைத்துக்கொள்ள வேண்டியதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், ஒரு பெட்டி கொள்கிற அளவுக்கு. அம்மாவின் மூக்குக் கண்ணாடி, கையெழுத்து உள்ள ஒரு நோட்டு, தினமும் பயன்படுத்திய ஒரு கிண்ணம், பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னதைத்தான் எடுப்பார்கள். மீதியை விற்க அவருக்கு மனசு வராது, விற்கவும் வேண்டாம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றதை நல்ல இடத்துக்குத் தானமாகக் கொடுங்கள். அம்மா பொருளைக் காசாக்கினோம் என்ற உறுத்தல் இருக்காது. வீடு மாறுகிற நாளுக்குள் முடியவில்லையா, அந்த இரண்டு பீரோவில் இருப்பதைப் பெட்டிகளில் கட்டிக் கூடவே கொண்டுபோங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் தங்கள் புத்தகம், கிடார், விளையாட்டுக் கோப்பைகள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். கேட்டால் "இருக்கட்டும்ப்பா" என்கிறார்கள். என்ன செய்வது?
(ஒரு தகப்பனார்)

பதில்: எல்லாவற்றையும் பரப்பிப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள், ஒரு தேதியும் சொல்லுங்கள். வேண்டியதைக் குறித்து அனுப்பட்டும், அந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். குறிக்காதது விற்பனைக்குப் போகும் என்பதைத் தெளிவாக எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். தேதியைத் தள்ளிப் போட்டால் அடுத்த தேதியையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேள்வி: காலையிலிருந்து நின்றும் பாதிக்கு மேல் விற்கவில்லை. திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். மறுபடியும் ஒருமுறை போடலாமா?
(ஒரு தம்பதி)

பதில்: உள்ளே எடுத்து வைத்ததுதான் சிக்கல். அடுத்த முறை ஆரம்பிக்கும் முன்பே மீதியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பேசி வைத்துவிடுங்கள், தொண்டு நிறுவனமோ பழைய சாமான் கடைக்காரரோ அன்று சாயங்காலமே வண்டியோடு வருகிற மாதிரி. பலர் கிழிந்த துணி, உடைந்த சாமான், பழைய மெத்தை எல்லாம் எடுக்க மாட்டார்கள், எதை எடுப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பாதி விலை என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கடைசி அரைமணியில் ஒரு பை கொடுத்து, பை நிறைய எடுத்தாலும் ஒரே விலை என்று சொல்லுங்கள். கரண்டி, கிண்ணம், புத்தகம், துணி எல்லாம் அப்போதுதான் போகும். அதற்குப் பிறகும் நிற்பது வண்டியில் ஏறட்டும்.

மறுபடியும் போடலாம், ஆனால் அதே சாமானை அதே விலைச்சீட்டோடு அதே தெருவில் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். ஒரு வீட்டுக்காக வராதவர்கள் நான்கு வீட்டுக்காக வருவார்கள்.